மலிவாய் வாங்கி வந்து விற்றால் குற்றமா?

ஒரே பொருள், செய்ததும் ஒரே நிறுவனம். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் வேறொரு விலை. பாடாங் பெசாருக்கோ கோலோக்குக்கோ போய் வந்தவர்களுக்கு இது புதுமையே அல்ல. துணியும் போர்வையும் அங்கே மலிவு என்று மூட்டை கட்டி வருகிறோம். பக்கத்து வீட்டு அக்கா கேட்டால், பேருந்துச் செலவுக்கு இரண்டு வெள்ளி சேர்த்து அவருக்கும் ஒன்று கொடுக்கிறோம். (அரிசியை மூட்டையாகக் கொண்டு வந்தால் சுங்கத் துறை விடாது, அது வேறு கதை.) இதைத் திருட்டு என்று யாரும் நினைப்பதில்லை.

ஆனால் அந்தப் பொருள் துணியாக இல்லாமல், கணினிக்குள் போடும் மென்பொருளாக இருந்தால்?

2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோதுதான் நம்மில் பலர் வீட்டுக்குள் முதன்முதலாக மடிக்கணினி நுழைந்தது. பெரும்பாலும் பழைய கணினி. வாங்கும்போதுதான் தெரிகிறது, பெட்டி மட்டும் போதாது. அதை இயக்கும் விண்டோஸும், கட்டுரை எழுதும் மென்பொருளும் தனி விலை என்று. முறையாக வாங்கினால் சில நூறு வெள்ளி. இணையக் கடையிலோ, 'அசல்தான், உத்தரவாதம் உண்டு' என்ற விளம்பரத்தோடு இருபது முப்பது வெள்ளிக்கே கிடைக்கிறது. மாதம் 1,700 வெள்ளி அடிப்படைச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒரு தாய் எதை வாங்குவார்? கேட்கவே வேண்டாம்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். பாலிடெக்னிக் முடித்த தம்பி ஒருவர், நல்ல வேலை கிடைக்கும் வரையில், தாமான் வீட்டு முன்னறையில் கணினி பழுது பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டில் மலிவாகக் கிடைக்கும் மென்பொருளை வாங்கி, சிறிது லாபம் வைத்து, தோட்டத்துப் பிள்ளைகளின் கணினிகளில் போட்டுக் கொடுக்கிறார். அவருடைய அம்மாவுக்கு மனத்துக்குள் ஓர் உறுத்தல். "ஏன்டா, இது கள்ள வியாபாரம் இல்லையே? போலீஸ் வந்து நிற்காதே?"

அந்த அம்மாவின் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டுமானால், 'ஆம்', 'இல்லை' என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது.

முதலில் ஒன்றைத் தள்ளி வைத்துவிடுவோம். முன்பெல்லாம் பசார் மாலாமில் ஐந்து வெள்ளி, பத்து வெள்ளிக்கு விற்றார்களே, அந்தக் கள்ள சிடி. அது யாரும் அனுமதிக்காமல் அடித்த நகல். அதில் வாதத்துக்கு இடமே கிடையாது. 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி மென்பொருளையும் இலக்கியப் படைப்பைப் போலவே காக்கிறது. கள்ள நகல் ஒவ்வொன்றுக்கும் 2,000 வெள்ளியிலிருந்து 20,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் சேர்த்தே கிடைக்கலாம். ஒரு நகலுக்கு இவ்வளவு என்று கணக்கிடுவதால், பையில் இருபது சிடி வைத்திருந்தவரின் நிலையை நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

நாம் பேச வந்தது அதைப் பற்றியல்ல. நிறுவனமே செய்து, நிறுவனமே ஒரு நாட்டில் மலிவாக விற்ற அசல் பொருளை வாங்கி, விலை உயர்ந்த இன்னொரு நாட்டில் விற்பதைப் பற்றி. இதற்கு 'இணை இறக்குமதி' என்று பெயர்.

தோட்டத்துக் கடையைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஐந்தடி எழுதி வாங்கினால் ஆறடிக்குக் கணக்கு வைக்கும் கடன் புத்தகம். பட்டணத்தில் மலிவாகக் கிடைக்கும் பருப்பும் கருவாடும் அங்கே கூடுதல் விலை. சம்பள நாளில் சிலர் பட்டணம் போய், தமக்கும் லயத்தில் நாலு பேருக்கும் சேர்த்து வாங்கி வருவார்கள். கடைக்காரருக்கு முகம் சுளிக்கும். ஆனாலும் அந்தப் பருப்பைத் 'திருட்டுப் பருப்பு' என்று அவரால் சொல்ல முடிந்ததா? வெளியே போய் வர வழியில்லாதவருக்கு ஒரு விலை என்பதுதான் அவருடைய வியாபாரத்தின் இரகசியம். உலகப் பெரு நிறுவனங்கள் நாடு நாடாகப் பிரித்து விலை வைப்பதன் உள்ளும் ஏறக்குறைய இதுதான் இருக்கிறது.

பனடோல் வழக்கு

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு வழக்கு உண்டு. அதுவும் நம் வீட்டு அலமாரியில் இருக்கும் பொருளைப் பற்றியது. தலைவலிக்குப் போடும் பனடோல். இங்கிலாந்தில் அந்த நிறுவனக் குழுவே செய்து விற்ற பனடோலை வாங்கி, ஒரு மலேசிய நிறுவனம் இங்கே கொண்டு வந்து விற்றது. பனடோல் என்ற பெயரை இந்நாட்டில் பதிந்து வைத்திருந்த விந்த்ரொப் நிறுவனம், 'எங்கள் சின்னத்தை எங்களைக் கேளாமல் இங்கே பயன்படுத்துகிறார்கள்' என்று உயர் நீதிமன்றம் சென்றது. 1988-இல் வெளிவந்த அந்தத் தீர்ப்பில் நிறுவனம் தோற்றது. சின்னம் எதற்காக இருக்கிறது? இந்தப் பொருள் யாரிடமிருந்து வந்தது என்று காட்டத்தான். வந்தது அந்தக் குழுவிடமிருந்தே, மாத்திரை போலியல்ல, வாங்குகிறவர் ஏமாறவில்லை. பிறகு என்ன குற்றம்?

இதை நம்பி யாரும் நாளைக்கே மருந்து இறக்குமதியில் இறங்கிவிட வேண்டாம். மருந்துக்குச் சுகாதார அமைச்சின் பதிவு தனியே வேண்டும். நான் சொல்ல வந்தது, மலிவான நாட்டிலிருந்து வந்தது என்ற ஒரே காரணத்தால் அசல் பொருள் போலியாகிவிடாது என்பதைத்தான்.

சிங்கப்பூர் இந்த விஷயத்தில் இன்னும் வெளிப்படையாக முடிவெடுத்தது. 1994-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, செய்யப்பட்ட இடத்தில் உரிமையாளரின் சம்மதத்தோடு செய்யப்பட்ட பொருளாக இருந்தால், அதைக் கொண்டு வந்து விற்கலாம் என்று வழி திறந்துவிட்டார்கள். வியாபாரத்தையே நம்பி வாழும் தீவு; மக்களுக்கு மலிவாகக் கிடைக்கட்டும் என்று நினைத்தது வியப்பல்ல.

தாய்லாந்து மாணவரின் பாடப் புத்தகங்கள்

உலகமே பேசிய வழக்கு அமெரிக்காவில் நடந்தது. சுபாப் கெர்ட்செங் என்ற தாய்லாந்து மாணவர், 1997-இல் கணிதம் படிக்க அமெரிக்கா சென்றார். அங்கே கல்லூரிப் பாடப் புத்தகங்கள் யானை விலை. அதே புத்தகம், அதே பதிப்பகத்தின் அனுமதியோடு ஆசியாவில் அச்சாகி, தாய்லாந்துக் கடைகளில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. தாள் கொஞ்சம் மட்டம், பாடம் ஒன்றுதான். ஊரிலிருக்கும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் எழுதினார். அவர்கள் வாங்கி அனுப்ப, இவர் இணையத்தில் விற்றார். அவர்கள் போட்ட பணத்தைத் திருப்பிக் கொடுத்து, மீதியைத் தாம் வைத்துக்கொண்டார்.

ஜான் வைலி என்ற பெரிய பதிப்பகம் 2008-இல் அவர்மேல் வழக்குப் போட்டது. 'இந்தப் பதிப்பை இன்னின்ன நாடுகளுக்கு வெளியே கொண்டு போகக் கூடாது' என்று புத்தகத்திலேயே அச்சடித்திருக்கிறோமே என்பது அவர்கள் வாதம். கீழ் நீதிமன்றத்தில் மாணவர் தோற்றார். எட்டுப் புத்தகத் தலைப்புகளுக்கு, தலைப்புக்கு 75,000 டாலர் வீதம் மொத்தம் 6 லட்சம் டாலர் கட்டச் சொன்னார்கள்! படிக்கப் போன பிள்ளையின் தலையில் இப்படி ஓர் இடி.

2013 மார்ச் 19-ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பைத் திருப்பிப் போட்டது. ஆறு நீதிபதிகள் மாணவர் பக்கம், மூவர் பதிப்பகத்தின் பக்கம். உரிமையாளரின் அனுமதியோடு செய்த ஒரு பிரதியை முறையாக விற்றாகிவிட்டால், வாங்கியவர் அதை மறுபடி விற்பதைத் தடுக்கும் உரிமை அத்தோடு தீர்ந்தது. அது எந்த நாட்டில் அச்சானது என்பது பொருட்டல்ல என்றார்கள். நீதிபதி பிரேயர் தம் தீர்ப்பில் ஒரு நடைமுறைச் சிக்கலையும் எடுத்துக் காட்டினார். வாகனம், மைக்ரோவேவ் அடுப்பு, கைத்தொலைபேசி எல்லாவற்றுக்குள்ளும் இன்று மென்பொருள் இருக்கிறது. பதிப்பகம் சொல்வதுபோல் சட்டத்தைப் படித்தால், வெளிநாட்டில் செய்த பழைய காரை விற்கக்கூட ஒவ்வொரு மென்பொருள் உரிமையாளரையும் போய்க் கேட்க வேண்டி வருமே!

அப்படியானால் தம்பியின் வியாபாரம் சரிதான் என்று முடித்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம்.

விற்றது பொருளா, அனுமதியா?

புத்தகத்தை வாங்கினால் அது உங்களுடையது. மென்பொருளை வாங்கும்போது திரையில் நீளமாக ஓர் ஒப்பந்தம் வருகிறதல்லவா, படிக்காமலே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று நாம் தட்டிவிடுவோமே, அதில்தான் சூட்சுமம். 'நாங்கள் உங்களுக்கு விற்கவில்லை. பயன்படுத்த அனுமதி மட்டும் தருகிறோம்' என்று பெரும்பாலும் அதில் எழுதியிருக்கும். வாங்கியவர் சொந்தக்காரர் அல்லர், ஒரு வகையில் வாடகைக்காரர். குடியிருக்கும் லயத்து வீட்டை நாம் விற்க முடியாது, அதுபோல.

அமெரிக்காவில் ஒரு வியாபாரி, வரைபடம் வரையும் ஆட்டோகேட் என்ற மென்பொருளின் பழைய பிரதிகள் சிலவற்றை வாங்கி, இணையத்தில் விற்றார். எல்லாம் அசல் பிரதிகளே. ஒரு கட்டட வரைபட அலுவலகம், புதிய பதிப்புக்கு மாறியபோது அழித்துவிடுவதாக ஒப்புக்கொண்டும் அழிக்காமல் வைத்திருந்தவை அவற்றில் சில. தயாரித்த ஆட்டோடெஸ்க் நிறுவனம் தடுத்தது. கீழ் நீதிமன்றம் வியாபாரியின் பக்கம் நின்றாலும், 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்துக்கே வெற்றி என்றது. அலுவலகம் அந்தப் பிரதிகளுக்குச் சொந்தக்காரர் அல்ல, அனுமதி பெற்றவர் மட்டுமே. தனக்குச் சொந்தமில்லாததை அது எப்படி விற்கும்? அதனிடம் வாங்கியவர் எப்படி விற்பார்?

இரண்டாண்டு கழித்து ஐரோப்பா நேர் எதிராகப் பேசியது. பயன்படுத்திய மென்பொருள் உரிமங்களை வாங்கி விற்ற யூஸ்ட்சாஃப்ட் என்ற ஜெர்மன் நிறுவனத்துக்கும் ஆரக்கிள் நிறுவனத்துக்கும் இடையே நடந்த வழக்கில், 2012 ஜூலை 3 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் சொன்னது: காலவரையின்றிப் பயன்படுத்த, முழு விலை வாங்கிக்கொண்டு கொடுத்தால், பெயர் என்ன வைத்தாலும் அது விற்பனையே. இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டதாக இருந்தாலும் மறுபடி விற்கலாம். ஆனால் விற்பவர் தம் கணினியிலிருந்து அதை நீக்கிவிட வேண்டும். ஒரு கூட்டத்துக்கு மொத்தமாக வாங்கிய உரிமத்தைக் கூறு போட்டு விற்கக் கூடாது.

மலிவு உரிம வியாபாரிகள் தங்கள் விளம்பரத்தில் இந்தத் தீர்ப்பின் முதல் பாதியை மட்டும் போட்டுக்கொள்வது உண்டு. இரண்டு நிபந்தனைகளைச் சொல்ல மாட்டார்கள். அது ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விற்றதைப் பற்றிய தீர்ப்பு என்பதையும் சொல்ல மாட்டார்கள். அந்தத் தீர்ப்பைக் காட்டி ஈப்போவில் வழக்காட முடியாது.

நம் நாட்டுச் சட்டமோ, விற்பதற்காகக் கொண்டு வரும் பொருளைப் பற்றி முதலில் கேட்பது, அது உரிமையாளரின் சம்மதத்தோடு உருவானதா என்பதையே. பெட்டியோடும் வட்டோடும் வந்த அசல் மென்பொருளுக்கு இதில் ஓரளவு தைரியம் உண்டு. ஆயினும் இந்நாட்டில் தனி விநியோக உரிமை பெற்றவர் வழக்குப் போடவே மாட்டார் என்று எண்ணிவிடக் கூடாது. தொழிலாகவே செய்ய நினைக்கும் தம்பிமார் ஒருமுறை வழக்கறிஞரைப் பார்ப்பது செலவல்ல.

இருபது வெள்ளி எண் எங்கிருந்து வருகிறது?

இன்று பெட்டியும் இல்லை, வட்டும் இல்லை. கடைக்காரர்கள் 'கீ' என்று சொல்லும் 25 எழுத்துகளும் எண்களும் மட்டும் கைத்தொலைபேசிக்கு வந்து சேருகின்றன. இங்கேதான் நம் மக்கள் ஏமாறுகிறார்கள்.

விண்டோஸ் உரிமத்தில் பல சாதி உண்டு. கடையில் முழு விலைக்கு விற்பது ஒன்று; பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதிய கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம். புதிய கணினியோடு சேர்ந்தே வருவது இன்னொன்று. அது அந்தக் கணினியோடு பிறந்து அந்தக் கணினியோடு சாகும். மூன்றாவது, ஒரு பெரிய நிறுவனமோ பல்கலைக்கழகமோ நூற்றுக்கணக்கான கணினிகளுக்கு மொத்தமாகப் பெறுவது. அந்த எண் அந்த நிறுவனத்து ஆட்களுக்கு மட்டும். அதை உள்ளே இருக்கும் ஒருவர் வெளியே கசியவிட்டால், ஒரே எண் ஊர் ஊராக விலை போகிறது.

போட்ட அன்றைக்கு எல்லாம் நன்றாகத்தான் வேலை செய்யும். அதுதான் வேதனை. மொத்த உரிமத்தில் ஒரு வகை, 180 நாளுக்குள் தாய் நிறுவனத்தின் கணினியோடு தொடர்புகொண்டு புதுப்பித்தாக வேண்டும். தோட்டத்துப் பிள்ளையின் கணினிக்கு ஏது தாய் நிறுவனம்? ஆறு மாதம் ஆனதும் திரை கறுத்து, 'உங்கள் உரிமம் செல்லாது' என்ற எழுத்து வரும். விற்ற இணையக் கடை அதற்குள் பெயர் மாறியிருக்கும். அம்மா மறுபடி இருபது வெள்ளி கொடுப்பார். இப்படி மூன்று தடவை கொடுத்தால் அது மலிவா?

ஆகவே தம்பி தாய்லாந்திலோ இந்தியாவிலோ கடையில் விற்ற அசல் பெட்டியை வாங்கி வந்து, 'இது வெளிநாட்டுச் சரக்கு. இங்குள்ள நிறுவனம் உத்தரவாதம் தராது. ஏதாவது ஆனால் நான் பொறுப்பு' என்று சொல்லி விற்றால், என் கணக்கில் அது வியாபாரம். எங்கிருந்து வந்தது என்று தமக்கே தெரியாத எண்ணை 'அசல்' என்று சொல்லி விற்றால், அது நம்மவரை நம்மவரே ஏமாற்றுவது. பிடிபட்டாலும் படாவிட்டாலும் அப்படித்தான். வாங்கும் அக்காவுக்கு மைக்ரோசாஃப்டைத் தெரியாது. அவருக்குத் தம்பிதான் நிறுவனம்.

நிறுவனத்துக்கு நஷ்டம் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. கூலி மலிவான நாடாகத் தேடித் தொழிற்சாலையைக் கொண்டு போகும் நிறுவனங்கள், விலை மலிவான நாட்டைத் தேடி வாடிக்கையாளர் போனால் மட்டும் நியாயம் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. மலிவான கூலியைத் தேடிக் கப்பலேற்றிக் கொண்டு வந்த கூட்டத்தின் பேரப் பிள்ளைகள் நாம். இந்தக் கணக்கு நமக்குத் தெரியாததல்ல.

ஆனால் மறுபக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை நிறுவனத்துக்காக அல்லாமல் ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்காக எண்ணிப் பார்க்க வேண்டும். தாய்லாந்தில் புத்தகம் மலிவாக விற்றது அங்குள்ள மாணவர் வாங்க வேண்டும் என்பதற்காக. மலிவுப் பதிப்பெல்லாம் அமெரிக்காவுக்கே திரும்பி ஓடினால், பதிப்பகம் என்ன செய்யும்? இரண்டு நாட்டிலும் ஒரே விலை வைத்துவிடும். அந்த ஒரே விலை எந்த நாட்டு விலையாக இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அல்லது, மலிவுப் பதிப்பை வேறு யாரும் விரும்பாதபடி முடமாக்கி விற்கும். இது நம் நாட்டிலேயே நடந்தது. 2004-இல் மைக்ரோசாஃப்ட் மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா போன்ற நாடுகளுக்கென்று விண்டோஸ் எக்ஸ்பி ஸ்டார்ட்டர் என்ற மலிவுப் பதிப்பை அறிவித்தது. உள்ளூர் மொழியில் வந்தது, நல்லதுதான். ஆனால் ஒரே நேரத்தில் மூன்று மென்பொருள்களுக்கு மேல் திறக்காது! ஏழைக்கு மூன்று போதும் என்று யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள்.

வாங்குவதற்கு முன்

பிள்ளையின் பள்ளி வேலைக்கு மட்டும் என்றால், காசே கொடுக்காமல் முறையாகக் கிடைப்பவை உண்டு. லிப்ரே ஆபீஸ் என்பது 2010 முதல் இலவசமாகவே வெளிவருகிறது. கட்டுரை எழுதவும் கணக்குப் பட்டியல் போடவும் அது போதும். யார் யாருக்கு எத்தனை பிரதி கொடுத்தாலும் குற்றமில்லை என்று அதன் உரிமமே சொல்கிறது. கல்வி அமைச்சு 2020-இல் தொடங்கிய டெலிமா கணக்கு பிள்ளைக்கு இருக்கிறதா, அதில் என்னென்ன மென்பொருள் சேர்ந்து வருகிறது என்று வகுப்பாசிரியரைக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

பழைய கணினி வாங்கினால், அதன் அடியிலோ உள்ளேயோ ஏற்கெனவே விண்டோஸ் உரிமம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால், தனியாக எண் வாங்கத் தேவையே இராது. இல்லையென்றால், விற்பவரிடம் எந்த வகை உரிமம், எந்த நாட்டுச் சரக்கு, நின்றுபோனால் யார் பொறுப்பு என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் வாங்கவே வேண்டாம்.

ஏமாந்துவிட்டால், விற்றவர் மலேசியாவில் இருக்கும் வியாபாரியாக இருந்தால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் முறையிடலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. மூன்றாண்டுக்குள் போக வேண்டும். மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை, இரு தரப்பும் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளவும் கூடாது. ரசீதையும், விற்பவர் அனுப்பிய செய்திகளையும் அச்செடுத்துக் கொண்டு போங்கள். முதல் படிவத்தை நிரப்பத் தெரியாவிட்டால், ஐந்தாம் படிவம் படிக்கும் உங்கள் பிள்ளையே நிரப்பிக் கொடுத்துவிடும்.